எறிந்த எக்ஸெப்ஷனின் மெமரிக்கு யார் பொறுப்பு? சி++ கோளாறுகளை அறிகுறி பார்த்து நீக்கும் வழி

சி++ நிரல்களில் எக்ஸெப்ஷன் தொடர்பான கோளாறுகள் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. பிழை நேரும் இடத்தில் நிரல் "எறியும்" பொருள்தான் எக்ஸெப்ஷன், மேலே அதைப் பிடிக்கும் பகுதி கேட்ச் பிளாக். நிரல் நல்லபடியாக ஓடும்வரை அந்தப் பகுதியை யாரும் தொடுவதில்லை. ஏதோ ஒன்று தவறிய நொடியில்தான் அதற்கு வேலை வருகிறது. அந்த நேரத்தில் அதுவும் தவறினால், முதலில் என்ன நடந்தது என்ற தடயமே போய்விடும். பணம் கட்டியவர் "என் ஆர்டர் எங்கே?" என்று கேட்கும்போது பதில் சொல்ல லாக்கில் (நிரலின் பதிவேட்டில்) ஒரு வரிகூட இருக்காது. அதனால்தான் நான் பார்க்கும் வரிசையை அப்படியே எழுதி வைக்கிறேன்.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றின் கீழும் எளிதாகச் சரியாகும் காரணம் முதலிலும், அதிக வேலை வாங்கும் காரணம் கடைசியிலும் இருக்கும். 64 பிட் லினக்ஸில் ஜி++ அல்லது கிளாங் கம்பைலர் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். விசுவல் ஸ்டுடியோவில் மாறும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

## கை வைக்கும் முன்

ஒரே ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எறியும் பொருளின் நகல் ஒன்றை ரன்டைம் (நிரலோடு கூடவே ஓடும் சி++ துணைக் கோட்) தனியிடத்தில் எடுத்து வைக்கிறது. அந்த நகலுக்குச் சொந்தக்காரர் ரன்டைம்தான், நீங்கள் அல்ல. கேட்ச் பிளாக் முடியும்வரை அது உங்களிடம் இரவலாக இருக்கிறது, அவ்வளவே. அந்த நகலுக்குள் இருக்கும் பாயிண்டர் எதைச் சுட்டுகிறதோ அதற்கு ரன்டைம் பொறுப்பேற்காது.

பிறகு மூன்று தயாரிப்புகள். டீபக் தகவலோடும் அட்ரஸ் சானிடைசரோடும் (தவறான மெமரித் தொடுதலைப் பிடிக்கும் கம்பைலர் வசதி) தனியாக ஒரு பில்ட் எடுங்கள். கோர் ஃபைல் (விழுந்த நொடியில் நிரலின் மெமரிப் படம்) விழும்படி யூலிமிட்டில் வரம்பைத் திறந்து விடுங்கள். ஜிடிபி டீபகருக்குள் "கேட்ச் த்ரோ" என்று கொடுத்து ஓட்டுங்கள். எக்ஸெப்ஷன் எறியப்படும் ஒவ்வொரு இடத்திலும் நிரல் நிற்கும். பாதிக் கோளாறுகள் இந்த மூன்றாவதிலேயே பிடிபடும்.

## அறிகுறி 1: வாட்() தரும் செய்தியில் குப்பை, அல்லது வெறுமை

அதிகம் வருவது இதுதான். வாட்() என்பது எக்ஸெப்ஷன் தன் பிழைச் செய்தியைத் திருப்பும் ஃபங்ஷன். முதலில் அந்தக் குப்பையை உற்றுப் பாருங்கள், அதிலேயே துப்பு இருக்கிறது.

### நாலைந்து விநோத எழுத்துகளோடு செய்தி முடிந்துவிடுகிறது, அல்லது ஒன்றுமே இல்லை

ஃப்ரீ செய்யப்பட்ட, அதாவது திருப்பிக் கொடுத்துவிட்ட, ஹீப் மெமரியைப் (நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் மெமரி) படிக்கிறீர்கள் என்று நினைத்துத் தேடுங்கள். லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியில், ஃப்ரீ ஆன துண்டின் முதல் 16 பைட்டுகளில் மேலாக் (மெமரி ஒதுக்கும் ஃபங்ஷன்) தன் கணக்கை எழுதிக்கொள்ளும். அந்தக் கணக்கில் பூஜ்ஜிய பைட்டுகளும் இருப்பதால் செய்தி அங்கேயே முடிந்ததாகத் தெரியும். ஜிடிபியில் அந்த முகவரியோடு 16 கூட்டி, அங்கிருந்து ஸ்டிரிங்காகப் படித்துப் பாருங்கள். உங்கள் செய்தியின் மிச்சம் அப்படியே இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. உரிமையாளர் போன பிறகும் பாயிண்டரை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

### செய்தி முழுக்கக் குப்பை, ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி

இது பெரும்பாலும் ஸ்டாக்கிலிருந்து, அதாவது ஃபங்ஷன்களின் உள்ளூர் மாறிகள் இருக்கும் மெமரியிலிருந்து, வருவது. ஜி++-இன் சி++ லைப்ரரியான லிப்எஸ்டிடிசி++ தரும் ஸ்டிரிங்கில் 15 எழுத்துகள்வரை ஹீப்புக்குப் போகாமல் பொருளுக்குள்ளேயே அடங்கிவிடும். ஆகவே குட்டிச் செய்திகள் ஸ்டாக்கில் கிடக்கும், அடுத்த ஃபங்ஷன் அழைப்பே அவற்றை மிதித்துவிடும். நீளமான செய்திகள், முதல் 16 பைட்டுகள் தவிர, ஹீப்பில் கொஞ்ச நேரம் உயிரோடு இருப்பதுபோலத் தெரியும். "பிழைக்குப் பிழை குப்பை வேறு மாதிரி வருகிறது" என்று யாராவது சொன்னால், செய்தியின் நீளத்தை எண்ணச் சொல்லுங்கள்.

### காரணங்கள், எளிதிலிருந்து

வாட்() ஃபங்ஷனுக்குள்ளேயே ஸ்டிரிங்கை ஒட்டவைத்து, அதன் சி_எஸ்டிஆர்() திருப்பி அனுப்பப்படுகிறதா? ஃபங்ஷன் முடிந்ததும் அந்த ஸ்டிரிங் செத்துவிடும். எக்ஸெப்ஷன் கிளாஸ்கள் எல்லாவற்றையும் திறந்து வாட்() எழுதியிருக்கும் இடங்களைப் பாருங்கள். பத்து நிமிட வேலை. கம்பைலர் எச்சரிக்கை எப்போதும் வருவதில்லை, அதை நம்பி உட்காராதீர்கள். தீர்வு: ரன்டைம்_எரர் என்ற தயார் கிளாஸின் வாரிசாக உங்கள் கிளாஸை எழுதி, முழுச் செய்தியையும் கன்ஸ்ட்ரக்டரிலேயே தயார் செய்து அதனிடம் கொடுத்துவிடுங்கள். அது தன் ஸ்டிரிங்கை எண்ணிக்கை வைத்துப் பகிர்ந்துகொள்வதால், நகலெடுக்கும்போது புதிய மெமரி கேட்காது. இந்தக் குணம் அறிகுறி 4-இலும் நமக்குக் கைகொடுக்கும்.

அடுத்தது, வாட்() தந்த பாயிண்டரை கேட்ச் பிளாக்குக்கு வெளியே கொண்டுபோவது. லாக் எழுதத் தனி த்ரெட் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். வரிசையில் பாயிண்டர் போய் உட்காரும், கேட்ச் முடியும், எக்ஸெப்ஷன் அழியும், பிறகு லாக் த்ரெட் வந்து படிக்கும். வரிசையில் எந்த வகை போகிறது என்று பாருங்கள். கேரக்டர் பாயிண்டரோ ஸ்டிரிங்_வியூவோ (உரையைச் சொந்தமாக வைக்காமல் சுட்ட மட்டும் செய்யும் வகை) இருந்தால் ஸ்டிரிங்காக மாற்றுங்கள். ஒரு நகலுக்கான செலவை நினைத்துத் தயங்க வேண்டாம், பிழைப் பாதையில் அது பெரிய விஷயமில்லை.

மூன்றாவது, கண்ணில் எளிதில் படாதது. எக்ஸெப்ஷன் கிளாஸின் உறுப்புகளில் ஒன்று ஸ்டிரிங்_வியூ, ரெஃபரன்ஸ் அல்லது வெறும் பாயிண்டராக இருக்கும். எறிந்த ஃபங்ஷனின் உள்ளூர் மாறியை அது சுட்டிக்கொண்டிருக்கும். எக்ஸெப்ஷன் மேலே ஏறி வரும் வழியில் ஸ்டாக் கலைந்துவிடும், சுட்டிய பொருளும் அதோடு போய்விடும். பார்சர் எழுதுபவர்கள் இதில் அடிக்கடி விழுகிறார்கள்: "பிழையான டோக்கன் இது" என்று மூல உரையின் ஒரு பகுதியை வியூவாக வைத்து எறிவார்கள், மூல உரை இருந்த பஃபரோ கேட்ச் வருவதற்குள் போயிருக்கும். அட்ரஸ் சானிடைசர் பில்டில் ஓட்டினால் இது பிடிபடும். ஃபங்ஷன் திரும்பிய பிறகு அதன் ஸ்டாக்கைப் படிப்பதைக் கண்டுபிடிக்கும் தேர்வு பழைய பதிப்புகளில் அணைந்தே இருக்கும், சூழல் மாறி வழியாக இயக்க வேண்டும். எக்ஸெப்ஷனுக்குள் இரவல் பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்று நான் குழுவில் கட்டாயமாகவே கேட்பேன். தன்னோடு பயணம் போகும் எல்லாவற்றையும் அது சொந்தமாக வைத்திருக்க வேண்டும்.

## அறிகுறி 2: செய்தி சுத்தமாக இருக்கிறது, ஆனால் நம் செய்தி இல்லை

"எஸ்டிடி::எக்ஸெப்ஷன்" என்று மட்டும் வருகிறதா? விசுவல் ஸ்டுடியோவில் "அன்னோன் எக்ஸெப்ஷன்" என்று வரும். மெமரி கெடவில்லை. நகலெடுக்கும்போது உங்கள் கிளாஸின் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது.

கேட்சில் ரெஃபரன்ஸ் குறி இல்லாமல் அடிப்படை கிளாஸை வேல்யூவாகப் பிடித்திருப்பீர்கள். ஜிசிசி (ஜி++ அடங்கிய கம்பைலர் தொகுப்பு) 8 முதல், வழக்கமான "-வால்" கொடியைக் கொடுத்தாலே இதற்கு எச்சரிக்கை வரும். கான்ஸ்ட் ரெஃபரன்ஸாக மாற்றினால் முடிந்தது.

ரெஃபரன்ஸாகத்தான் பிடித்திருக்கிறீர்கள், அப்படியும் வெட்டுப்படுகிறது என்றால், மறுபடி எறியும் வரியைப் பாருங்கள். "த்ரோ ஈ;" என்று பெயர் சொல்லி எறிந்தால் புதிய நகல் பிறக்கும், அதன் வகை கேட்சில் எழுதிய வகைதான். வெறும் "த்ரோ;" மட்டும் எழுதினால் முதலில் எறிந்த அதே பொருள் மேலே போகும். இதற்கு வெளியாள் தேவையே இல்லை. பத்து வினாடியில் திருத்திவிடலாம்.

## அறிகுறி 3: ஒவ்வொரு பிழைக்குப் பிறகும் மெமரி ஏறுகிறது, இறங்குவதில்லை

முதலில் ஒரு தவறான பயத்தைப் போக்கிவிடுகிறேன். மெமரிக் கசிவைத் தேடும் வால்கிரின்ட் கருவி முடிவில் "ஸ்டில் ரீச்சபிள்" என்று 72,704 பைட்டுகள் ஒரே துண்டாகக் காட்டினால், அது உங்கள் கசிவு இல்லை. மேலாக் கைவிரிக்கும் நேரத்திலும் எக்ஸெப்ஷன் எறிய முடிய வேண்டும் என்று, லிப்எஸ்டிடிசி++ நிரல் தொடங்கும்போதே ஒதுக்கி வைக்கும் அவசரக் கையிருப்பு அது. ஜிசிசி 5 காலத்திலிருந்து இருக்கிறது. இதைத் துரத்திக்கொண்டு இரண்டு நாள் வீணாக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அது இல்லையென்றால், ஹீப்ட்ராக் அல்லது மாசிஃப் என்ற மெமரி அளக்கும் கருவியைப் போட்டு வளரும் மெமரியின் அழைப்பு அடுக்கை எடுங்கள். அதன் உச்சியில் "சிஎக்ஸ்ஏ_அலகேட்_எக்ஸெப்ஷன்" (எக்ஸெப்ஷனுக்கு ரன்டைம் இடம் ஒதுக்கும் ஃபங்ஷன்) என்ற பெயர் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கிளை பிரியும் இடம்.

### பெயர் இல்லை: எக்ஸெப்ஷன் அழிந்துவிட்டது, வழியில் இருந்தவை அழியவில்லை

நியூவுக்கும் டெலீட்டுக்கும் நடுவில் எங்கோ எக்ஸெப்ஷன் பாய்கிறது, டெலீட் வரியை யாரும் தொடவில்லை. லீக் சானிடைசர் காட்டும் நியூ வரிக்குப் போய் யுனிக்_பிடிஆர் (தான் சுட்டுவதைத் தானே விடுவிக்கும் பாயிண்டர்) ஆக்குங்கள்.

கிளாஸில் இரண்டு மூன்று வெறும் பாயிண்டர் உறுப்புகள் இருந்து, கன்ஸ்ட்ரக்டரே பாதியில் எறிந்தால் அந்தப் பொருளின் டெஸ்ட்ரக்டர் ஓடாது. பிறந்து முடியாத பொருளுக்கு இறப்பும் இல்லை. ஆனால் அதற்குள் கட்டி முடிந்த உறுப்புகளுக்கு அவரவர் டெஸ்ட்ரக்டர் ஓடும். எனவே ஒவ்வொரு பாயிண்டர் உறுப்பும் தன்னைத் தானே விடுவித்துக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும். டெஸ்ட்ரக்டரில் எழுதிய நான்கு டெலீட் வரிகளை நம்பினால் இங்கே கைவிட்டுவிடும்.

பழைய நிரல்களில் இன்னொன்று உண்டு. ஒரே அழைப்பின் அளவுருக்களில் "யுனிக்_பிடிஆருக்குள் நியூ" ஒன்று, எறியக்கூடிய வேறொரு அழைப்பு ஒன்று. சி++17-க்கு முன் இவற்றின் வரிசை பின்னிக்கொள்ளலாம்: நியூ முடிந்து, பிடிஆர் கையில் வாங்குவதற்குள் மற்றது எறியும். சி++14 முதல் இருக்கும் மேக்_யுனிக் போட்டால் தீரும்.

இதற்கும் மேல் போனால் சி லைப்ரரி நடுவில் இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் சி++ நிரல் ஒரு சி லைப்ரரியை அழைக்கிறது, அது உங்கள் கால்பேக்கை (நீங்கள் அதனிடம் கொடுத்து வைத்த ஃபங்ஷனை) திரும்ப அழைக்கிறது, கால்பேக் எறிகிறது. 64 பிட் லினக்ஸில் சி ஃப்ரேம்களுக்கும் அன்வைண்ட் (ஸ்டாக்கைக் கலைக்கும்) அட்டவணை வழக்கமாக இருப்பதால் எக்ஸெப்ஷன் அவற்றைத் தாண்டிப் போய்விடும், நிரலும் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் சி பக்கம் மேலாக் செய்தது, போட்ட பூட்டு, திறந்த ஃபைல் எதையும் யாரும் மூடவில்லை. மெமரி ஏறுவதோடு சில நேரம் நிரல் உறைந்தும் நின்றால் இதைத்தான் முதலில் பார்ப்பேன். தீர்வு ஒரே வடிவம்தான். கால்பேக்குக்குள் எல்லாவற்றையும் பிடியுங்கள், கரன்ட்_எக்ஸெப்ஷனை ஒரு எக்ஸெப்ஷன்_பிடிஆரில் (எக்ஸெப்ஷனைப் பிறகு எறிய வைத்துக்கொள்ளும் பாயிண்டர்) சேமியுங்கள், சி-க்குப் பிழை எண்ணைத் திருப்புங்கள். சி ஃபங்ஷன் முழுதாகத் திரும்பி வந்த பிறகு ரீத்ரோ செய்யுங்கள்.

### பெயர் இருக்கிறது: எக்ஸெப்ஷன்களே உயிரோடு இருக்கின்றன

யாரோ எக்ஸெப்ஷன்_பிடிஆர்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். "கடைசி பிழைகள்" என்று ஒரு வெக்டர், யாரும் கெட் அழைக்காத ஃபியூச்சர்கள் (பின்னால் வரும் முடிவையோ பிழையையோ ஏந்தும் பொருள்கள்), மறுமுயற்சிப் பட்டியல். லினக்ஸில் எக்ஸெப்ஷன்_பிடிஆர் நகலெடுப்பதில்லை, எறிந்த அதே பொருளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. கடைசி பிடிஆர் போகும்வரை பொருள் போகாது. எக்ஸெப்ஷனுக்குள் வேண்டுகோளின் முழு உரையையும் வைத்திருந்தால் அதுவும் கூடவே நிற்கும். பட்டியலுக்கு உச்சவரம்பு வையுங்கள், அல்லது பிடிஆருக்குப் பதில் செய்தியை மட்டும் சேமியுங்கள்.

வரம்பு வைத்தும் ஏறுகிறதென்றால் வளையம் இருக்கலாம். வேலைப் பொருள் தன் எக்ஸெப்ஷன்_பிடிஆரை வைத்திருக்கும். அந்த எக்ஸெப்ஷனோ "எந்த வேலையில் பிழை" என்று சொல்ல அதே வேலைப் பொருளின் ஷேர்ட்_பிடிஆரை வைத்திருக்கும். ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு இரண்டும் சாகாது. எக்ஸெப்ஷனில் வேலையின் எண்ணை மட்டும் வைத்தால் வளையம் அறுந்துவிடும்.

பைதானிலும் இதே முகம் உண்டு. எக்ஸெப்ஷனைப் பட்டியலில் சேர்த்தால் அதன் டிரேஸ்பேக் வரும், டிரேஸ்பேக்கோடு ஃப்ரேம்கள், ஃப்ரேம்களோடு அவற்றின் உள்ளூர் மாறிகள் எல்லாம் வரும். பைதான் 3 எக்ஸெப்ட் பிளாக் முடிந்ததும் அந்தப் பெயரைத் தானே அழித்துவிடுவது இதனால்தான். சேமித்தே ஆக வேண்டுமென்றால் டிரேஸ்பேக்கை உரையாக மாற்றிச் சேமியுங்கள்.

### எறிந்ததே பாயிண்டர் என்றால்

"த்ரோ நியூ" என்று நிரலில் தேடுங்கள். இங்கே ரன்டைம் நகலெடுத்தது பாயிண்டரை மட்டும். பொருளை அழிப்பது பிடித்தவரின் வேலை. மைக்ரோசாஃப்டின் பழைய விண்டோஸ் லைப்ரரியான எம்எஃப்சி இந்த வழக்கத்தில் கட்டப்பட்டது, அதில் பிடித்தவர் பொருளின் டெலீட் ஃபங்ஷனை அழைத்துவிட வேண்டும். எம்எஃப்சி இல்லாத நிரலில் இதற்கு ஒரு நியாயமும் இல்லை. ஜாவாவிலிருந்து வந்தவர்களின் கைப்பழக்கம் பெரும்பாலும். நியூவை நீக்கி வேல்யூவாக எறிந்து, எல்லா கேட்ச்களையும் ரெஃபரன்ஸாக மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பழைய பாயிண்டர் கேட்ச் பொருந்தாமல் நிரல் விழும்.

## அறிகுறி 4: கேட்ச் இருக்கிறது, ஆனாலும் நிரல் உடனே சாகிறது

கடைசியாகத் திரையில் வந்த வரியைப் படியுங்கள். அதை வைத்துப் பிரியுங்கள்.

### "டெர்மினேட் கால்ட் வித்தவுட் ஆன் ஆக்டிவ் எக்ஸெப்ஷன்"

எக்ஸெப்ஷனே இல்லை. ஜாயின் செய்யாத த்ரெட் பொருளின் டெஸ்ட்ரக்டர் ஓடியிருக்கும், அல்லது கேட்சுக்கு வெளியே வெறும் "த்ரோ;" ஓடியிருக்கும்.

### "ஃபேட்டல்: எக்ஸெப்ஷன் நாட் ரீத்ரோன்"

ஒரு த்ரெட்டை வெளியிலிருந்து நிறுத்தும் பித்ரெட் கேன்சல் வந்திருக்கிறது. ஜிலிப்சி அதை ஒருவகை அன்வைண்டாகவே ஓட்டுகிறது, உங்கள் "கேட்ச் (...)" அதையும் பிடித்து விழுங்கிவிட்டது. அந்த கேட்சின் கடைசியில் மறுபடி எறியுங்கள்.

### "டெர்மினேட் கால்ட் ஆஃப்டர் த்ரோயிங் ஆன் இன்ஸ்டன்ஸ் ஆஃப்" என்று வகையின் பெயரோடு

கோர் ஃபைலைத் திறந்து பேக்ட்ரேஸ் (அழைப்பு அடுக்கு) எடுங்கள். பிடிக்க ஆளில்லை அல்லது வழியில் நோஎக்ஸெப்ட் (இந்த ஃபங்ஷன் எறியாது என்ற உறுதிமொழி) நிற்கிறது என்று தெரிந்தால், ஜி++ பெரும்பாலும் ஸ்டாக்கைக் கலைக்காமலே நிரலை முடிக்கும் டெர்மினேட்டுக்குப் போய்விடும், ஆகவே எறிந்த இடம் உங்கள் கண்முன் இருக்கும். அங்கிருந்து மேலே வாருங்கள், முதலில் தென்படும் நோஎக்ஸெப்ட் ஃபங்ஷனே குற்றவாளி. டெஸ்ட்ரக்டர்கள் சி++11 முதல் சொல்லாமலே நோஎக்ஸெப்ட் என்பதை மறந்துவிடாதீர்கள். இந்த நன்மைக்காகவே, மெயின் ஃபங்ஷனில் எல்லாவற்றையும் விழுங்கும் கேட்ச் ஒன்றை வைக்க நான் சம்மதிப்பதில்லை. அது நிரலைக் காப்பாற்றாது, தடயத்தை மட்டும் அழிக்கும்.

நோஎக்ஸெப்ட் எதுவும் இல்லையென்றால் எக்ஸெப்ஷன் கிளாஸின் காப்பி கன்ஸ்ட்ரக்டரைப் பாருங்கள். கேட்ச் வேல்யூவாகப் பிடிக்கும்போது அதற்கு இன்னொரு நகல் தேவை. கிளாஸில் ஸ்டிரிங் உறுப்பு இருந்தால் அந்த நகலுக்கு மெமரி தேவை. மெமரி இல்லாமல் நகலே எறிந்தால், மொழியின் விதிப்படி டெர்மினேட்தான். கேட்சை ரெஃபரன்ஸாக மாற்றுங்கள், செய்தியை ரன்டைம்_எரரிடம் ஒப்படையுங்கள்.

## அறிகுறி 5: மெமரி குறையும்போது மட்டும் விழுகிறது

முதலில் உண்மையில் எக்ஸெப்ஷன் வந்ததா என்று உறுதி செய்யுங்கள். வெளியேறிய எண் 137 என்றால் சிக்னல் 9 வந்து நிரல் கொல்லப்பட்டிருக்கிறது என்று பொருள். டிமெசேஜில் (கர்னலின் பதிவேட்டில்) ஓஓஎம் கில்லர் வரி, அதாவது மெமரி தீர்ந்ததால் கர்னல் கொன்றதாகச் சொல்லும் வரி, இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்கள் கேட்ச் பிளாக்குகளுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. லினக்ஸ் கையில் இல்லாத மெமரியையும் கொடுப்பதாக ஒப்புக்கொள்ளும், தொடும்போதுதான் பற்றாக்குறை தெரியும், அப்போது எறிவதற்கு யாரும் இல்லை. கன்டெய்னரின் மெமரி வரம்பைப் போய்ப் பாருங்கள்.

பேட்_அலாக் (மெமரி கிடைக்காதபோது நியூ எறியும் எக்ஸெப்ஷன்) உண்மையிலேயே வந்திருந்தால், கேட்ட அளவு என்ன என்று ஜிடிபியில் பாருங்கள். பல நேரம் அது கோடானுகோடி பைட்டுகளாக இருக்கும். மைனஸ் எண் ஒன்று குறியில்லா வகைக்கு மாறியிருக்கும். மெமரிப் பிரச்சினையே அல்ல, சாதாரணக் கணக்குப் பிழை.

அளவும் நியாயம்தான் என்றால், பேட்_அலாக்கைப் பிடித்த கேட்ச் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஸ்டிரிங் ஒட்டவைத்து லாக் எழுதினால் இல்லாத மெமரியை மறுபடி கேட்கிறது. அங்கே முன்பே எழுதி வைத்த நிலையான உரையை நேராக ரைட் அழைப்பில் அனுப்புங்கள். இதைச் சோதிக்க யூலிமிட்டில் விர்ச்சுவல் மெமரிக்கு வரம்பு போட்டு ஓட்டுங்கள். அப்போது மேலாக் உண்மையாகவே இல்லை என்று சொல்லும், பாதை முழுவதும் ஓடிக் காட்டும். சானிடைசர் பில்டில் இந்தச் சோதனை செய்யாதீர்கள். அதற்கே பெரிய முகவரி வெளி தேவை.

இதற்குப் பிறகும் விழுந்தால் அவசரக் கையிருப்பே தீர்ந்திருக்கலாம். நூற்றுக்கணக்கான த்ரெட்கள் ஒரே நேரத்தில் எறிகின்றன, அல்லது எக்ஸெப்ஷன் கிளாஸுக்குள் 4 கிலோபைட் பஃபரை உறுப்பாக வைத்திருக்கிறீர்கள். கையிருப்பும் கைவிரித்தால் ரன்டைம் டெர்மினேட்டை அழைக்கும். முதலில் கிளாஸைச் சிறிதாக்குங்கள். போதவில்லையென்றால், ஜிசிசி 13 முதல் ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_டியூனபில்ஸ் என்ற சூழல் மாறியில் கையிருப்பின் அளவை மாற்றலாம். ஹீப்பே இல்லாத சிறு கருவிகளில் இந்த நிலைக்கு வந்துவிட்டால் நீங்களாக முயல வேண்டாம். ரன்டைமைத் திரும்பக் கட்டும் அனுபவம் உள்ளவரிடம் போங்கள்.

## அறிகுறி 6: லைப்ரரி எல்லை தாண்டும்போது கெடுகிறது

இதுதான் விலை அதிகமான பிரிவு.

### "கேட்ச் (...)" பிடிக்கிறது, பெயர் சொல்லிய கேட்ச் பிடிக்கவில்லை

இரண்டு பக்கமும் ஒரே கிளாஸைத்தான் பார்க்கின்றனவா? ஷேர்ட் லைப்ரரியை விசிபிலிட்டி ஹிட்டன் (உள் பெயர்களை வெளியே காட்டாத கொடி) போட்டுக் கட்டி, எக்ஸெப்ஷன் கிளாஸை மட்டும் வெளியே காட்ட மறந்திருக்கலாம். கிளாஸுக்கு டீஃபால்ட் விசிபிலிட்டி குறி போட்டு இரண்டு பக்கத்தையும் மறுபடி கட்டுங்கள்.

### பிடிக்கிறது, கேட்ச் முடியும் இடத்தில் விழுகிறது

பேக்ட்ரேஸில் "சிஎக்ஸ்ஏ_எண்ட்_கேட்ச்" என்ற பெயரும், அதற்கு அடுத்து எந்தப் பெயருமில்லாத முகவரியும் இருந்தால், பிளகின் ஒன்றை டிஎல்குளோஸ் செய்து மெமரியிலிருந்து இறக்கிவிட்டீர்கள். எறிந்த நேரத்தில் பொருளோடு அதன் டெஸ்ட்ரக்டரின் முகவரியும் பதிவாகிறது. அந்த டெஸ்ட்ரக்டரின் கோட் பிளகினுக்குள் இருந்தது, பிளகின் இப்போது மெமரியில் இல்லை. சேமித்து வைத்த எக்ஸெப்ஷன்_பிடிஆரிலும் இதே கதிதான், அதுவும் பல மணி நேரம் கழித்து. என் கையில் வந்த ஒரு சர்வரில் இது மூன்று வாரம் பிடிபடாமல் இருந்தது. பிளகின் புதுப்பிக்கும் இரவுகளில் மட்டும் விழும். டிஎல்குளோஸ் வரியைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். விழவில்லையென்றால் உறுதி. பிளகின் எல்லையிலேயே எக்ஸெப்ஷனைப் பிடித்து, உங்கள் மூல நிரலின் வகையாக மாற்றி எறியுங்கள், அப்போது பிளகினின் பொருள் எதுவும் எல்லை தாண்டாது.

### விண்டோஸில் ஹீப் கெட்டதாகச் செய்தி வருகிறது

ஒரு டிஎல்எல் (விண்டோஸின் ஷேர்ட் லைப்ரரி) ரன்டைமை ஸ்டாட்டிக்காகவும் இன்னொன்று டைனமிக்காகவும் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். ஒருவரின் ஹீப்பில் பிறந்த ஸ்டிரிங்கை மற்றவர் விடுவிக்கிறார். புராஜெக்ட் அமைப்பில் /MT (ஸ்டாட்டிக்), /MD (டைனமிக்) தேர்வுகளை ஒவ்வொரு டிஎல்எல்லுக்கும் வரிசையாகப் பாருங்கள். எல்லாம் ஒன்றாக இருந்தும் வந்தால், அல்லது வேறு நிறுவனம் கட்டிக் கொடுத்த டிஎல்எல் நடுவில் இருந்தால், அங்கேயே நிறுத்துங்கள்.

இந்தப் பிரிவில் அரை நாளுக்கு மேல் நீங்களாகத் தேட வேண்டாம் என்பது என் எண்ணம். ஒரே நிரலில் இரண்டு லிப்எஸ்டிடிசி++ புகுந்திருப்பது, ஒன்று ஸ்டாட்டிக்காக ஒட்டப்பட்டிருப்பது போன்றவை லிங்கர் தெரிந்தவருக்கு ஒரு மணி நேரம், தெரியாதவருக்கு ஒரு வாரம்.

## அறிகுறி 7: லினக்ஸில் நலம், விசுவல் ஸ்டுடியோவில் ஸ்டாக் நிரம்புகிறது

கேட்ச் பிளாக்குக்குள்ளிருந்தே மறுமுயற்சி அழைக்கிறீர்களா? விசுவல் ஸ்டுடியோவில் எறிந்த பொருள் எறிந்தவரின் ஸ்டாக்கிலேயே இருக்கும், கேட்ச் அதற்கு மேல் ஓடும். கேட்ச் முடியும்வரை அந்த ஸ்டாக் திரும்பக் கிடைக்காது. முயற்சிக்குள் முயற்சியாகப் போனால் ஸ்டாக் அடுக்கிக்கொண்டே போகும். லினக்ஸிலும் முழு நலம் இல்லை, அங்கே பழைய எக்ஸெப்ஷன்கள் ஹீப்பில் அடுக்கிக்கொண்டிருக்கும். கேட்சில் ஒரு கொடியை மட்டும் உயர்த்துங்கள், வெளியே வந்து லூப்பில் மறுபடி முயலுங்கள்.

விசுவல் ஸ்டுடியோவில் கரன்ட்_எக்ஸெப்ஷன் நகலெடுக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு நடத்தையையும் மொழியின் தரம் அனுமதிக்கிறது. "அதே முகவரிதான் வரும்" என்று நம்பி எழுதிய ஒப்பீடுகள் இங்கே உடையும்.

## அறிகுறி 8: பல த்ரெட்கள், பிழைகள் கூடும்போது எல்லாமே நத்தை வேகம்

நேரம் எங்கே போகிறது என்று காட்டும் பெர்ஃப் கருவியைப் போட்டுப் பாருங்கள். "டிஎல்_இடரேட்_பிஹெச்டிஆர்" என்ற பெயரில் நேரம் குவிந்தால், எறியும் ஒவ்வொரு த்ரெட்டும் ஒரே பூட்டுக்காக வரிசையில் நிற்கிறது. ஜிலிப்சி 2.35-உம் ஜிசிசி 12-உம் சேர்ந்தால் அந்தப் பூட்டைத் தவிர்க்கும் புது வழி இருக்கிறது. பதிப்பை உயர்த்துவதே மலிவான தீர்வு. முடியாதென்றால், அடிக்கடி நடக்கும் தோல்விகளை எக்ஸெப்ஷனாக எறியாமல் திருப்பு மதிப்பாக அனுப்புங்கள்.

த்ரெட் சானிடைசர் எக்ஸெப்ஷன்_பிடிஆரின் எண்ணிக்கையைக் காட்டிப் புகார் சொன்னால், லிப்எஸ்டிடிசி++ சானிடைசரோடு கட்டப்படாததால் வரும் பொய்ப் புகாராக இருக்கலாம். ஆனால் புகார் உங்கள் கிளாஸின் உறுப்பைக் காட்டினால் அது மெய். ஷேர்ட்_ஃபியூச்சரில் பல த்ரெட்கள் ஒரே எக்ஸெப்ஷன் பொருளைப் பெறும். ஒருவர் அதில் "இங்கேயும் வந்தது" என்று குறிப்பு சேர்க்க மற்றவர் படிப்பார். பிடித்த எக்ஸெப்ஷனில் எழுதாதீர்கள். கான்ஸ்ட் ரெஃபரன்ஸாகப் பிடித்தால் கம்பைலரே தடுக்கும்.

## ஆளை அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை

அறிகுறி 6-இல் சிக்கிக்கொண்டால், அல்லது சானிடைசர் பில்டில் கோளாறே வராமல் வெளியீட்டு பில்டில் மட்டும் வந்தால், கம்பைலரும் லிங்கரும் கைவந்தவரைக் கூப்பிடுங்கள். அவர் வருவதற்குள் இவற்றை எடுத்து வையுங்கள்: கோர் ஃபைல், அது விழுந்த அதே பைனரி, நிரலோடு ஏறியிருந்த லைப்ரரிகள் அனைத்தும் அதே பதிப்பில், எல்டிடி (நிரல் எந்த லைப்ரரிகளை ஏற்றுகிறது என்று காட்டும் கட்டளை) வெளியீடு, ஒவ்வொரு பகுதியும் எந்தக் கம்பைலரில், எந்தக் கொடிகளோடு கட்டப்பட்டது என்ற பட்டியல், எறிந்த இடத்தின் பேக்ட்ரேஸ், பிடித்த இடத்தின் பேக்ட்ரேஸ் தனித்தனியாக. பைனரியை மறுபடி கட்டிக் கொடுக்காதீர்கள், முகவரிகள் மாறிவிட்டால் கோர் ஃபைலால் பயனில்லை. கோளாறு வந்த சர்வரில் லைப்ரரிகளைப் புதுப்பிக்கும் வேலை ஏதாவது அட்டவணையில் இருந்தால், அவர் பார்த்து முடிக்கும்வரை அதை நிறுத்தி வையுங்கள்.